சூடம் அணைத்த கையும் ஒரு டம்ளர் காப்பியும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. பங்கு என்றால், அதைக் கொஞ்சம் கெடுத்த பங்கு. இதை மறைத்து வைத்துப் பிரயோஜனம் இல்லை. சாத்தூரிலிருந்து அச்சங்குளம் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சொல்கிறவர்கள் ஆளுக்கொன்று கூட்டிச் சொல்கிறார்கள். போன வாரம் பஸ்ஸில் ஒருவர் என்னிடமே சொன்னார். அதில் நான் மாட்டுக்குச் சாராயம் ஊற்றியிருந்தேன். அதனால்தான் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என்னிடம் ஒரு ஜோடி வண்டிப் பந்தயக் காளைகள் உண்டு. ஒன்று மயிலை, ஒன்று செவலை. கரிசலில் மக்காச்சோளம் போட்டுப் பிழைக்கிறவனுக்குப் பந்தய மாடு எதற்கு என்று என் மனைவி கேட்டு இருபது வருடம் ஆகிறது. நானும் பதிலை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். செவலை சாது. யார் பிடித்தாலும் வரும், எதைப் போட்டாலும் தின்னும். மயிலை அப்படி இல்லை. அது என்னைத் தவிர யாரையும் ஆளாக மதிக்காது. வீட்டில் என்னை அப்படி மதிக்கிற ஒரே உயிர் அது என்பதால் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு மயிலைக்கு முன்னங்கால் வீங்கி, எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டது. பற்றுப் போட்டுப் பார்த்தோம், ஒத்தடம் கொடுத்துப் பார்த்தோம், கேட்கவில்லை. நான் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். முடி கொடுக்கலாம் என்றால் தலையில் அதற்கான சரக்கு இல்லை. அக்கினிச் சட்டி எடுக்கத் தைரியம் இல்லை. எனக்கு ரொம்பப் பிரியமானது எது என்று யோசித்தேன். கருப்பட்டிக் காப்பி. ஒரு நாளைக்கு நாலு டம்ளர் குடிப்பேன். "தாயே, மயிலை எழுந்து நடந்துச்சுன்னா இனி என் காப்பி உனக்கு" என்று சொல்லிவிட்டேன். ஒன்பதாம் நாள் மயிலை எழுந்தது. அன்றோடு காப்பி போயிற்று.

ஆனால் என் மனைவிக்குக் கை பழகிப்போயிருந்தது. காலையில் அடுப்பில் வைத்தால் இரண்டு டம்ளர் போட்டுவிடுவாள். "இது உங்க பங்கு இல்ல, ஆத்தா பங்கு" என்று ஒன்றை என் கையில் கொடுப்பாள். நான் அதைக் கொண்டுபோய் அம்மன் படத்துக்கு முன்னால் வைப்பேன். அந்தப் படம் சிவகாசி அச்சாபீஸில் கழித்துப்போட்ட காலண்டர் தாள். நிறம் ஒரு நூல் விலகி அம்மனுக்கு இரண்டு மூக்குத்தி தெரியும். சூடம் காட்டிக் கும்பிட்ட பிறகு அந்தக் காப்பியை என்ன செய்வது? நான் தொடக் கூடாது. கீழே கொட்டினால் பாவம். யாருக்காக நேர்ந்தோமோ அவனுக்கே போகட்டும் என்று கொட்டகைக்குக் கொண்டுபோய் மயிலையின் தொட்டியில் ஊற்றிவிடுவேன். கருப்பட்டி ருசி கண்ட மாடு, தொட்டியைப் பளபளவென்று நக்கி வைக்கும். ஊற்றுவதற்கு முன் டம்ளரை மூக்கருகே ஒரு தரம் கொண்டுபோவேன். மோந்து பார்ப்பது குடிப்பதில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதியிருந்தேன்.

இரண்டு வருடம், ஒரு நாள் தவறாமல் இப்படி நடந்தது.

இனி என் மைத்துனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன். அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்து கலக்கிற இடத்தில் நிற்கிறவர். நிறுவை ஒரு இம்மி கூடினாலும் என்ன ஆகும் என்று தெரிந்தவர். அதனால் வீட்டில் ரசத்துக்கு உப்புப் போட்டால்கூட இரண்டு தரம் பார்த்துப் போடுகிற மனிதர். அவருக்கும் ஒரு பந்தய ஜோடி உண்டு. அந்த ஜோடி தொடர்ந்து மூன்று தடவை எங்களை ஜெயித்தது. மூன்றாவது தடவை இந்தச் சித்திரைப் பொங்கலுக்கு, எங்கள் ஊர் அம்மன் கோயில் முன்னால், என் சொந்த ஜனம் பார்க்க, கடைசி வளைவில் மயிலையை ஒதுக்கிவிட்டு அவர் வண்டி முன்னால் போயிற்று.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. "மாடு இப்படி ஓடாது. இது ஊசி போட்ட ஓட்டம்" என்று கத்தினேன்.

மைத்துனர் வண்டியை விட்டு இறங்கிவந்தார். "ஏ மாப்ள, தோத்தா தோத்தேன்னு சொல்லு. எதுக்கு வாயி இம்புட்டு நீளுது?"

"என் மாட்டுக்கு வைக்கோலு, பருத்திக்கொட்டை, உளுந்தங்குருணை தவிர ஒண்ணும் உள்ள போனதில்ல. நான் சூடம் அணைக்கேன். நீங்க அணைப்பீகளா மச்சான்?"

யாரோ ஒரு புண்ணியவான் உடனே ஒரு கட்டிச் சூடத்தை ஏற்றிவிட்டார். இந்த மாதிரி நேரத்தில் நம் ஊரில் சூடத்துக்குப் பஞ்சமே வராது. நான் அம்மன் சன்னதியைப் பார்த்து, சொன்னதையே திரும்பச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கை பொத்துப்போயிற்று. வலியைக் காட்டிக்கொள்ளாமல் மீசையைத் தடவினேன். தடவியதும் பொத்துப்போன கையால்தான்.

மைத்துனர் சூடத்தைத் தொடவில்லை. "மாட்டுப் பந்தயத்துக்கெல்லாம் ஆத்தாளைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதையே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதோடு போக்குவரத்து நின்றது. அடுத்த மாதம் என் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்து, ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. தாய்மாமன் வந்து நிற்காமல் எங்கள் வீட்டில் ஒரு காரியமும் நடக்காது. பத்திரிகை அடிக்கக் கொடுத்த இடத்திலிருந்து புரூப் வந்தது. "தாய்மாமன்" என்று போட்டு, பக்கத்தில் வெறும் இடமாக இருந்தது. நான்தான் அப்படி விடச் சொல்லியிருந்தேன். என் மனைவி அதை ஒரு தரம் பார்த்தாள்.

"எங்கண்ணன் பேரு இல்லாத பத்திரிகையை நீகளே வச்சுக் கும்பிடுங்க. மணவறையில நீகளே நில்லுங்க. நான் அடுப்படியில இருந்துக்கிடுதேன்."

"ஊசி போட்டதை ஒத்துக்கிடட்டும், நானே போய்க் கூப்பிடுதேன்" என்றேன். அவள் புரூப்பை என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இந்தச் சமயத்தில்தான் அந்த விஞ்ஞானி அம்மா வந்தார்கள். விருதுநகர் பஜாரில் கொத்தமல்லி வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண். கால்நடை மருத்துவம் படித்து, பிறகு என்னவெல்லாமோ படித்து, வெளியூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறார்கள். நாற்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் ஐஸ் பெட்டி. பந்தய மாடுகளின் மூத்திரம் வேண்டும் என்றார்கள். நான் டாக்டரம்மா என்று கூப்பிட்டேன். அவர்கள் என்னை அண்ணாச்சி என்றார்கள்.

"மாட்டு உடம்புல ஹார்மோன் தானாவே ஊறும் அண்ணாச்சி. சில பேரு அதையே ஊசியில ஏத்துறாங்க. ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதான். உங்க கிணத்துல ஊறுற தண்ணியும், லாரியில வாங்கி ஊத்துற தண்ணியும் பாக்க ஒண்ணு மாதிரிதான இருக்கு? ஆனா வாயில வச்சா எது எதுன்னு சொல்லிருவீகள்ல? அப்படி நாங்க மெஷினை வச்சுச் சொல்லணும். அதுக்கு, ஊசியே படாத மாட்டுக்கு எம்புட்டு ஊறும்னு முதல்ல தெரியணும். அந்த மாதிரி சுத்தமான மாடுதான் தேடிக்கிட்டு இருக்கேன்."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "சுத்தமான மாடு வேணும்னா நேரா சரியான வாசலுக்குத்தான் வந்திருக்கீக."

இரண்டு வருடத்துக்குள் என்னென்ன தீனி, என்னென்ன மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நான் வைக்கோல், பருத்திக்கொட்டை, உளுந்தங்குருணை, தவிடு, கால் வீங்கியபோது போட்ட பற்று எல்லாம் சொன்னேன். "வேற ஏதாவது?" என்றார்கள். "கோயில்ல சூடம் அணைச்சவன்கிட்ட இப்படிக் கேக்கலாமா?" என்று சொல்லி உள்ளங்கையைக் காட்டினேன். அவர்கள் அந்தத் தழும்பையும் ஒரு மருத்துவர் பார்க்கிற மாதிரி பார்த்து, "மஞ்சப்பத்து போட்டிருக்கலாம்" என்றார்கள்.

அடுத்து மூத்திரம் பிடிக்கிற வேலை. நீளமான கம்பு நுனியில் எவர்சில்வர் கிண்ணத்தைக் கட்டி வைத்துக்கொண்டு, மாட்டுக்குப் பக்கவாட்டில் காத்து நிற்க வேண்டும். கீழே விழுந்ததை அள்ளக் கூடாது. முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். மயிலை அந்நியர் முன்னால் பெய்யாது. ஒரு மணி நேரம் ஆயிற்று. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நான் "ஸ்ஸ்ஸ்" என்றேன். என் மகளும் வந்து "ஸ்ஸ்ஸ்" என்றாள். என் மனைவி வாளியிலிருந்து தண்ணீரை மெல்லிய தாரையாகக் கீழே விட்டாள். கடைசியில் டாக்டரம்மாவும் முக்காட்டைச் சரி செய்துகொண்டு "ஸ்ஸ்ஸ்" என்றார்கள். அத்தனை பேர் சொன்னதில் எனக்குத்தான் வந்தது. நான் மறைவுக்குப் போன நேரம் பார்த்து மயிலை பெய்தது.

அதை இரண்டு பாட்டிலில் பிரித்து மூடி, ஒட்டி, ஒரு நம்பர் எழுதினார்கள். ஒன்று சோதித்துப் பார்க்க. இன்னொன்று சந்தேகம் வந்தால் திறக்க.

நான் குரலைத் தாழ்த்தி, "அச்சங்குளத்துலயும் ஒரு ஜோடி இருக்கு. அதையும் பாத்துருங்க. லாரித் தண்ணி நிறையக் கிடைக்கும்" என்றேன்.

"நேத்தே பிடிச்சிட்டேன் அண்ணாச்சி."

"முடிவு வந்ததும் எனக்கு ஒரு வார்த்தை..."

"நான் போலீஸ் இல்ல. அவர் மாட்டுச் சேதி அவருக்கு, உங்க மாட்டுச் சேதி உங்களுக்கு."

அப்படியும் எனக்கு நம்பிக்கை. அறிவியலும் அம்மனும் சேர்ந்து என் மைத்துனரைப் பிடித்துக் கொடுக்கப் போகிற நாளுக்குக் காத்திருந்தேன். அவர் தலை குனிந்து நிற்பார், நான் பெரிய மனது பண்ணி "விடுங்க மச்சான்" என்பேன், பத்திரிகையில் பெயர் ஏறும். கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டே மன்னிக்கிற மாதிரி முகத்தை வைத்துப் பழகினேன். மயிலை பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆடி பிறந்து சில நாளில், காலை ஆறரை மணிக்கு டாக்டரம்மாவின் கார் வாசலில் நின்றது. நான் அப்போதுதான் சூடம் காட்டிவிட்டு டம்ளரைக் கையில் எடுத்திருந்தேன்.

"வாங்க டாக்டரம்மா. என்ன இம்புட்டு வெள்ளன?"

"நேர்ல கேக்கணும்னுதான் வந்தேன் அண்ணாச்சி. உங்க மாட்டுக்கு ஹார்மோன் எல்லாம் சுத்தம். கிணத்துத் தண்ணிதான்."

"அதான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று டம்ளரோடு கொட்டகையைப் பார்த்து நடந்தேன். அவர்களும் கூடவே வந்தார்கள்.

"ஆனா வேற ஒண்ணு இருக்கு. கஃபீன். அது மாட்டு உடம்புல ஊறாது. வெளிய இருந்துதான் போகணும். குதிரைப் பந்தயத்துல இதைக் கண்டுபிடிச்சா பரிசையே பிடுங்கிருவாக. எனக்கே நம்ப முடியாம ரெண்டாவது பாட்டிலையும் திறந்து பாத்தேன். அதுலயும் இருக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "டாக்டரம்மா, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா ஊக்க மருந்து எம் மாட்டுக்குப் போச்சுன்னு சொல்லாதீக. ஆத்தா முன்னாடி சூடம் அணைச்ச கை இது" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கையாலேயே டம்ளரைச் சாய்த்துத் தொட்டியில் ஊற்றினேன். மயிலை தலையை உள்ளே விட்டது.

டாக்டரம்மா தொட்டியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, இப்ப என்ன ஊத்துனீக?"

"அது அம்மன் காப்பி."

"காப்பியா?"

"பிரசாதம் டாக்டரம்மா. தீனியில சேராது."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. நான் தொட்டியை எட்டிப் பார்த்தேன். மயிலை நக்கி முடித்துவிட்டு, இன்னும் உண்டா என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பின்னால் என் மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அருகில் போனபோதுதான் தெரிந்தது, அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கண்ணனை மூணு மாசமா ஊசி ஊசின்னு சொல்லிட்டு..." என்றாள்.

டாக்டரம்மா எனக்காகக் கொஞ்சம் இரங்கினார்கள். "ஒரு டம்ளர் காப்பியால எல்லாம் மாடு ஜெயிச்சிறாது அண்ணாச்சி."

"அதான் ஜெயிக்கலையே" என்றேன்.

என் மாட்டின் பாட்டில்களைக் கணக்கிலிருந்து தள்ள வேண்டியதாகிவிட்டது என்று சொன்னார்கள். ஒரு மாட்டுக்காக எத்தனை தூரம் வந்து, எத்தனை நேரம் கிண்ணத்தோடு நின்றவர்கள். காப்பியை நிறுத்தி மூன்று வாரம் கழித்து மறுபடி வந்து எடுப்பதாகச் சொன்னார்கள். போகும்போது, வெட்கத்தை விட்டு மைத்துனர் மாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"உங்க காப்பிக் கதையை அவருகிட்ட நான் போய்ச் சொல்லலாமா?"

"ஐயோ, வேண்டாம்."

"அதே மாதிரிதான் அண்ணாச்சி."

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பொய்ச் சூடம் அணைத்தவன் குடும்பம் விளங்காது என்று கேட்டே வளர்ந்தவன் நான். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற வீடு. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்கு இருக்கன்குடி போனேன். கூட்டத்தோடு நகர்ந்து சன்னதி முன்னால் நின்றபோது, மனப்பாடம் பண்ணிவைத்த மன்னிப்பெல்லாம் மறந்துபோயிற்று. "தாயே, உனக்கு வச்சதைத்தான் கொடுத்தேன். எனக்குத் தெரியல" என்று மட்டும் வந்தது. தெரியாமல் செய்தது காப்பி. ஆனால் ஒரு மனிதரைத் தெரிந்துதானே பழித்தேன்? அதற்கு ஆத்தாளிடம் சொல்லிப் பயனில்லை. அங்கிருந்து நேராக அச்சங்குளம் பஸ் ஏறினேன்.

மைத்துனர் வீட்டில், கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் வழி நெடுக ஒத்திகை பார்த்த பேச்சைத் தொடங்கப் போனேன். அதற்குள் கண்ணில் பட்டது: தொட்டிக்கு மேலே, ஆணியில், லேமினேட் செய்த ஒரு தாள். சந்தனப் பொட்டு வேறு வைத்திருந்தார். அவர் மாட்டுச் சேதி.

"இங்கிலீசுலதான் இருக்கு. வாசிக்கவா மாப்ள?" என்றார்.

"வேண்டாம் மச்சான். அதைப் பாக்க வரல. என் மாட்டுச் சேதியைச் சொல்ல வந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்திக்கடன், இரண்டாவது டம்ளர், தொட்டி, மோந்து பார்த்தது உட்பட. அவர் முகம் இறுகியே இருந்தது. அம்மன் காப்பி என்ற இடத்தில் மீசை லேசாக ஆடியது. பிறகு ஆடாமல் நின்றது.

"எங்கிட்டத் தனியா சொல்லிட்டா ஆச்சா? ஊரு முன்னாடில்ல என்னைய ஊசிக்காரன்னு சொன்ன? கம்பெனியில வேலை செய்யுத பொம்பளைககூட என்ன கேட்டாக தெரியுமா? மருந்தை நிறுக்கப்ப, 'மாமா, இது மாட்டுக்கா பட்டாசுக்கா'ன்னாக. நிறுவையில ஒரு சொல்லு வாங்காத மனுசன்யா நான்."

நான் தலை குனிந்தேன். சாணி அள்ளிக்கொண்டே நான் பழகியது வேறொருவர் குனிகிற காட்சியை.

"எங்க சொன்னேனோ அங்கனயே சொல்லுதேன் மச்சான். வர்ற வெள்ளிக்கிழமை."

ஆடி வெள்ளி. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். தூக்குச்சட்டியோடு ஊரே நிற்கும். மகளின் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம். நான் படியில் ஏறி நின்றேன். "சித்திரையில நான் அணைச்ச சூடம் பொய்ச் சூடம். எங்க மச்சான் மாடு நேர்மையா ஓடுச்சு. மருந்து போனது எம் மாட்டுக்கு. குடுத்தது நானு" என்றேன்.

முன்னால் நின்ற ஒரு பெரியவர் கேட்டார்: "என்ன மருந்துப்பா?"

"கருப்பட்டிக் காப்பி."

கூழ் வாங்க வந்தவர்கள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. அது என் மைத்துனர் குரல்.

"ஏ மாப்ள! ஊக்க மருந்து குடுத்தும் தோத்த மாடு நம்ம பக்கத்துலயே உன் மாடுதான்ல!"

ஊர் மறுபடி சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் பெண்கள் வரிசைக்கு நடந்து, தங்கச்சி கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு, "எனக்கும் கூழ் ஊத்தச் சொல்லு தாயி" என்றார். அன்று மத்தியானமே அச்சாபீஸுக்குப் போன் செய்து அந்த வெறும் இடத்தை நிரப்பச் சொன்னேன். "எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க" என்று என் மனைவி பக்கத்திலிருந்து சொன்னாள். இப்போது அந்தப் பத்திரிகையில் மணமகளின் தகப்பன் பெயரைவிடத் தாய்மாமன் பெயர்தான் பெரிதாக இருக்கிறது.

இப்போதும் காலையில் அம்மனுக்குக் காப்பி வைக்கிறோம். சூடம் காட்டிய பிறகு அதை என் மனைவி குடிக்கிறாள். நேர்ந்தது நான்தானே, அவள் இல்லையே என்கிறாள். இதை இரண்டு வருடத்துக்கு முன்பே யோசித்திருக்கலாம். சரியாக ஆறரைக்கு மயிலை கொட்டகையிலிருந்து கத்தும். நான் வெறுங்கையோடு போய் நிற்பேன். காப்பியை விட்டவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்போம்.

சொன்னபடி மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா ஐஸ் பெட்டியோடு வந்தார்கள். பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு மைத்துனரும் அன்று வந்திருந்தார். கிண்ணம் கட்டிய கம்பை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். "நிறுக்கத் தெரிஞ்சவன்கிட்டக் குடு" என்றார். மயிலை வழக்கம்போல் பெய்ய மறுத்தது. நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் நின்று "ஸ்ஸ்ஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம் கழித்து அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, இந்தக் கம்பைக் கொஞ்சம் பிடியேன். எனக்கு வருது."